விக்கலுக்கு ஏது வரிசை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். நான் ஓரமாக இருந்தே பழகியவன். சரியாகச் சொன்னால் எனக்கு உட்கார்ந்தே பழக்கம் இல்லை, நின்றுதான் பழக்கம். இப்போது என் மனக்குறையும் அதைப் பற்றியதுதான். நீங்கள் திண்டுக்கல்லில்தான் இறங்குவீர்களா? அப்படியானால் முழுவதையும் சொல்லிவிடலாம்.

இன்று காலை ஈரோட்டில் ஒரு கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் என்னை இலை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் போனால் இலை முன்னால்தானே உட்காருவார்கள் என்று நினைக்கிறீர்கள். நான் விருதுநகரில் பந்தி மேஸ்திரி சார். பெயர் தவசிலிங்கம். சமைப்பது ஒருவர் பொறுப்பு என்றால், சமைத்ததை இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. எனக்குக் கீழே பதினான்கு ஆட்கள். இருபத்தாறு வருஷமாக வாளியும் கரண்டியுமாக நிற்கிறேன். என் கல்யாணத்திலேயே இரண்டாவது பந்திக்கு ஆள் போதவில்லை என்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கியவன் நான். என் வீட்டுக்காரி காந்திமதி அதை இன்றுவரை மறக்கவில்லை. என்னையும் மறக்க விடுவதில்லை.

பரிமாறுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வாளியைத்தான் பார்ப்பார்கள். சாம்பாரா, மோர்க்குழம்பா என்று பார்ப்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் விருதுநகர் ஜில்லாவில் பாதிப் பேருக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். தெருவில் போனால் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சும்மா சொன்னேன்.

அப்படிப்பட்ட ஆளை ஈரோட்டுக்கு யார் கூப்பிட்டார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? என் கேப்டன். கல்யாணப் பெண்ணே அவள்தான். பெயர் தாரணி, ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். இன்று காலை வரைக்கும் அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வரிசை முக்கியம்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது அல்லவா? மற்றவர்களுக்கு ஆடித் தள்ளுபடி, எங்களுக்கு ஆடி ஓய்வு. இந்த ஆடியில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ‘ஏழு கோட்டை’ என்று ஒரு விளையாட்டு அகப்பட்டது. நான் விளையாட்டுப் பைத்தியம் இல்லை சார். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அவ்வளவுதான். ஆடியில் மட்டும் ஆறு.

அந்த விளையாட்டில் தனியாகவும் சுற்றலாம். ஆனால் கோட்டைக்குள் நுழைய வேண்டும் என்றால் பன்னிரண்டு பேர் வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேர் கூட்டத்துக்குக் கில்டு என்று பெயர். அவரவர் ஊரில் அவரவர் போனில் இருப்பார்கள், பேச்சு மட்டும் ஹெட்போனில் எல்லோருக்கும் கேட்கும். கோட்டைக்குள் ஒரு பூதம் இருக்கும். பன்னிரண்டு பேரில் ஒருவன் கேடயத்தோடு முன்னால் நின்று பூதத்தின் அடியை எல்லாம் வாங்குவான். அவனை டேங்க் என்பார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று பூதத்தை அடிப்பார்கள். மிச்சம் ஒருவர் சண்டையே போட மாட்டார். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பார். அவர்தான் ஹீலர். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் பச்சையாக ஒரு கோடு இருக்கும். அடி விழ விழக் கோடு குறையும். ஹீலர் அந்தப் பெயரைத் தொட்டால் கோடு ஏறும். கோடு முழுக்கத் தீர்ந்தால் ஆள் காலி.

இதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இலையில் சாம்பார் தீருகிறது, நாம் ஊற்றுகிறோம். இதில் என்ன பெரிய வித்தை?

‘செவ்வெறும்பு’ என்று ஒரு கில்டு, ஹீலர் தேவை என்று போட்டிருந்தார்கள். இருநூறு கில்டுகள் போட்டி போடுகிற பருவம் அது. ஆவணி முடியும்போது முதல் பத்து இடத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ஏழாவது கோட்டையின் கதவு திறக்கும். செவ்வெறும்பு அப்போது பதினான்காவது இடம். நான் கேட்டதும் கேப்டன் ஹெட்போனில் வந்தாள். சின்னப் பெண் குரல். ஆனால் கண்டிப்பு.

“அனுபவம் எவ்வளவுங்க?”

“இருபத்தாறு வருஷம்மா.”

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

“ஒரே நேரத்துல எத்தனை பேரைப் பாப்பீங்க?”

“முந்நூறு பேர். ஆள் கூட இருந்தா ஐந்நூறு.”

“எட்டுச் சண்டை கூட வாங்க. அதுக்கப்பறம் வெச்சுக்கறதா வேண்டாமான்னு சொல்றேனுங்க” என்றாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

முதல் சண்டைக்குப் போனோம். போன் திரையின் இடது பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள். ஆறு ஆறாக இரண்டு வரிசை. சார், அப்படியே பந்தி. என் கை தானாகவே இடது கோடியில் ஆரம்பித்துவிட்டது. ஒருவருக்கு ஒரு கரண்டி என்று முதல் வரிசையை முடித்து இரண்டாவது வரிசைக்குத் திரும்பினேன். டேங்க் இரண்டாவது வரிசையில் ஐந்தாவது ஆள். பெயர் செல்வின், தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை. நான் மூன்றாவது ஆளுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் கேட்டது.

“அண்ணாச்சி, நான் செத்துக் கெடக்கேன்.”

“வரிசையில வாரேன்ல தம்பி, கொஞ்சம் பொறு.”

“செத்தவன் எப்படி அண்ணாச்சி பொறுப்பான்?”

டேங்க் விழுந்தால் பூதம் மற்றவர்கள் மேல் பாயும். அரை நிமிஷத்தில் எல்லோரும் காலி. கேப்டன் கேட்டாள்: “ஏனுங்க அண்ணாச்சி, அடி வாங்கறது அவன் ஒருத்தன்தானுங்க. கோடு நெறைஞ்சு நிக்கறவனுக்கெல்லாம் எதுக்குங்க ஊத்தறீங்க?”

“அடி வாங்குறான்னு அவனுக்கு மட்டும் போட்டா, பக்கத்து இலைக்காரர் மனசு என்ன ஆகும்?” என்று கேட்டேன். நியாயம்தானே?

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவகாசியில் ஒரு கல்யாணம். என் ஆள் ஒருவன், மொக்கையன் என்று பெயர், இப்போதும் என்னோடுதான் இருக்கிறான், மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார் என்று அவருக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றிவிட்டான். எதிர் வரிசையில் பெண் வீட்டுக்காரர்களுக்கு முதல் தடவையே வரவில்லை. ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். பத்துப் பேர் சாப்பிடாத இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுவதைவிட ஒரு மேஸ்திரிக்கு வேறு அவமானம் கிடையாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம். வரிசை முடியாமல் யாருக்கும் இரண்டாவது கரண்டி இல்லை. கலெக்டரே உட்கார்ந்திருந்தாலும் இல்லை.

அந்தச் சட்டத்தோடுதான் முதல் மூன்று சண்டையும் போட்டேன். மூன்றிலும் தோல்வி. செவ்வெறும்பு பதினேழாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது சண்டைக்குப் பிறகு செல்வின், “அண்ணாச்சி, நம்ம எடத்தையும் வரிசையா இறக்கிக்கிட்டே போறீங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை சார். ஹெட்போனைப் போட்டதும் “அண்ணாச்சி வந்துட்டாரா?” என்று யாராவது கேட்பார்கள். நான் வந்தேனா என்று கேட்பார்கள். சாம்பார் வந்ததா என்று இல்லை. அதுதானோ என்னவோ. இன்னும் ஐந்து சண்டைதான், பிறகு போகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை வாழை இலைக் கடையில் நிற்கிறேன், கேப்டன் போன் செய்தாள். போகச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. “அண்ணாச்சி, நீங்க என்ன தொழிலுங்க பண்றீங்க?” என்று கேட்டாள். சொன்னேன். “அட” என்றாள். பிறகு வெகு நேரம் சிரித்தாள். முந்நூறு பேர் கணக்கு அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“செரிங்க அண்ணாச்சி. நீங்க பரிமாறிட்டு இருக்கறப்ப, கடைசி எலையில ஒருத்தருக்கு விக்கல் எடுக்குது. என்ன பண்ணுவீங்க?”

“வாளியைக் கீழ வச்சிட்டுத் தண்ணி எடுத்துட்டு ஓடுவேன்.”

“வரிசைங்க?”

“விக்கலுக்கு ஏதும்மா வரிசை?”

“செல்வினுக்கு விக்கல்னு வெச்சுக்கங்க” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இலைக்கட்டைக் கையில் பிடித்தபடியே நின்றேன். கடைக்காரர், “அண்ணாச்சி, நுனி இலை வேணுமா வேண்டாமா?” என்று மூன்று தடவை கேட்டாராம்.

அதற்காக நான் என் சட்டத்தை மாற்றிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். வரிசை வரிசைதான். இன்றைக்கும் அதில் மாற்றம் கிடையாது. நடுவில் யாருக்காவது விக்கல் எடுத்தால் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வருவேன். அவ்வளவுதான். நாலாவது சண்டையில் செல்வினுக்குப் பதினெட்டுத் தடவை விக்கல் எடுத்தது. ஜெயித்தோம். ஐந்தாவதும் ஆறாவதும் ஜெயித்தோம். ஏழாவது ஜெயித்தபோது பதினோராவது இடம். கில்டில் எல்லோருக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. யாருக்காவது கோடு தீரப்போகிறது என்றால், “விக்கல், விக்கல்” என்பார்கள். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

எட்டாவது சண்டைதான் கடைசி. ஜெயித்தால் முதல் பத்து. தோற்றால் பருவம் முடிந்தது, என் கதையும் முடிந்தது. கேப்டன் முன்னாலேயே சொல்லிவிட்டாள். “சண்டை நடுவுல எந்திரிச்சுப் போறவங்களை நான் சேத்துக்கறதில்லைங்க. யாரா இருந்தாலும்.” கண்டிப்பு என்று சொன்னேன் இல்லையா? எனக்குப் பிடித்திருந்தது. என் ஆட்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

சண்டை ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அன்று ராஜபாளையத்தில் எனக்கு ஒரு பெரிய கல்யாணம். மத்தியானப் பந்தி மூன்று மணிக்கு முடிந்துவிடும், வரவேற்பு டிபன் ஆறு மணிக்கு. நடுவில் தாராளமாக நேரம் இருந்தது. மண்டபத்து ஸ்டோர் ரூமில் இலைக்கட்டுகளுக்கு நடுவே ஒரு அரிசி மூட்டை மேல் சாய்ந்துகொண்டு ஹெட்போனை மாட்டினேன். போட்டி நடத்துகிறவர்கள், ஏதோ கோளாறு, ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று அறிவிப்புப் போட்டார்கள். சண்டை ஆரம்பிக்கும்போது மணி ஐந்தரை.

அந்தக் கோட்டையின் பூதத்துக்குப் பனிப் பூதம் என்று பெயர். முதலில் மற்ற பூதங்கள் மாதிரிதான் இருந்தது. இருபது நிமிஷம் நன்றாகப் போயிற்று. வரிசை, விக்கல், வரிசை, விக்கல். அப்போது ஸ்டோர் ரூம் கதவு தட்டும் சத்தம். மொக்கையன்.

“அண்ணே, மாப்பிள்ளை வீட்டு ஆளுக வந்துட்டாக. பந்தி போடச் சொல்றாக.”

“ஆறு மணிக்குத்தானடா?”

“மணி ஆறு ஆகப் போகுதுண்ணே. உள்ள என்ன பண்றீக?”

சார், இருபத்தாறு வருஷத்தில் முதல் இலையை நான் போடாமல் ஒரு பந்தி ஆரம்பித்தது இல்லை. எழுந்தால் கில்டு போச்சு. எழாவிட்டால் பந்தியை மொக்கையன் கையில் கொடுக்க வேண்டும். சிவகாசியில் பாயசம் ஊற்றினானே, அதே மொக்கையன்.

“நீயே ஆரம்பிடா” என்றேன்.

“நானாண்ணே?” என்றான்.

“இடது கோடியிலேருந்து. யாருக்கும் ரெண்டாவது கரண்டி கிடையாது. விக்கல் எடுத்தா மட்டும் தண்ணி.”

அவன் போனான். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். திரை வெள்ளையாக இருந்தது. பனிப் பூதம் கடைசியில் பனியைக் கக்குமாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆட்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். பெயர்கள் தெரிந்தன. பச்சைக் கோடு ஒருவருக்கும் தெரியவில்லை.

“கோடு தெரியலைங்க அண்ணாச்சி” என்றாள் கேப்டன். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. “இன்னும் இருபது நிமிசம் தாக்குப் புடிச்சாப் போதுங்க. என்னங்க பண்ணலாம்?”

நீங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, காலி வாளியோடு ஒருவன் சமையல்கட்டுக்குப் போவான் பாருங்கள், அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் எந்த இலையில் சாம்பார் தீர்ந்திருக்கும், எவர் இன்னும் பருப்புச் சாதத்திலேயே நிற்கிறார் என்று அவனுக்குத் தெரியும். வேகமாகச் சாப்பிடுகிறவர் யார், மெதுவாகச் சாப்பிடுகிறவர் யார், கேட்கக் கூச்சப்படுகிறவர் யார். அதைப் பார்க்க வேண்டியதில்லை சார். அது காலுக்கே தெரியும். இந்தப் பதினோரு பேரையும் ஏழு சண்டையாகப் பார்த்துவிட்டேன். எவன் பத்து எண்ணுவதற்குள் எவ்வளவு இழப்பான் என்று எனக்குத் தெரியாதா? செல்வினுக்கு மூன்று கரண்டி. இரண்டாவது ஆள் அவசரக்காரன், ஓடிப் போய் அடி வாங்குவான், அவனுக்கு ஒன்று. மறுபடி செல்வின். கேப்டன் தனக்கு வேண்டும் என்று ஒரு நாளும் கேட்க மாட்டாள், ஆகவே அவளுக்குக் கேட்காமலே ஒன்று. மறுபடி செல்வின்.

பனி விலகியபோது பூதம் கீழே கிடந்தது. பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

ஹெட்போனில் ஒரே கூச்சல். அது அடங்கிய பிறகு கேப்டன் சொன்னாள். “அண்ணாச்சி, உங்க பேரைப் போட்டாச்சுங்க. இனி நீங்க போறேன்னாலும் உட மாட்டோம்.” நான், “சரிம்மா, பந்தி நடக்குது, அப்புறம் பேசுறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். அங்கே முதல் பந்தி முடிந்து, இலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தப்பும் நடக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் ஒப்புக்கொள்ள முடியாது. இருந்தாலும் அதற்குப் பிறகு சின்னக் கல்யாணங்களுக்கு மொக்கையனைத் தனியாக அனுப்புகிறேன். எனக்கு வேலை அதிகம், அதனால்தான்.

இப்போது இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போதே கேப்டன் சொல்லிவிட்டாள்: “அண்ணாச்சி, நீங்க வந்து உக்காந்து சாப்படோணும். நடுவுல எந்திரிச்சு வாளியத் தூக்குனீங்கன்னா கில்டை உட்டு எடுத்துருவேன்.” காந்திமதி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு சொன்னாத்தான் கேப்பீக போல” என்றாள்.

வந்தேன். கில்டில் ஒருவர் பாக்கி இல்லாமல் வந்திருந்தார்கள். செல்வின் ஆறடி உயரம் இருப்பான் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருக்கிறான். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம், நான் கடைசி இலை. இலை சரியாகத்தான் போட்டார்கள், உப்பு வைத்தார்கள், குறை இல்லை. எதிர் வரிசையில் ஒரு அம்மாவுக்குப் பொரியல் விட்டுப்போயிற்று. என் கால் எழுந்துவிட்டது சார். நான் எழவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ரசம் வந்தது. என் வயசு ஆள்தான், வாளியைப் பிடித்த பிடியிலேயே தொழில் தெரிந்தவர் என்று தெரிந்தது. என் இலைக்கு வந்ததும் அவர் நின்று, குனிந்து, என் முகத்தைப் பார்த்தார். “நீங்கதானுங்களா அண்ணாச்சி? பொண்ணு சொல்லுச்சுங்க. இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?” என்றார்.

அப்போது எனக்கு விக்கல் எடுத்தது. மிளகுதான் காரணம். அந்தப் பக்கத்து ரசத்தில் மிளகு கொஞ்சம் கூடுதல். கண்ணில்கூடத் தண்ணீர் வந்துவிட்டது என்றால் எவ்வளவு மிளகு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையோடு பந்தியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அந்தக் கோடியில் இருந்தே பார்த்துவிட்டாள். “அண்ணாச்சிக்கு விக்கல்” என்றாள். சண்டையில் சொல்கிற அதே குரல்.

சார், ஒரு பந்தியில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் இலையை விட்டு எழுந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒன்று சிவகாசியில். இன்னொன்று இன்று காலை. எச்சில் கையோடு பத்துப் பேர், இடது கையில் ஆளுக்கொரு டம்ளர். செல்வின் முதலில் வந்தான். ரசம் பரிமாறியவர் நடுவில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கிறார். எதிர் வரிசைக்கு ரசம் போக ஐந்து நிமிஷம் தாமதம். அந்த மேஸ்திரி என்ன நினைத்திருப்பார் சொல்லுங்கள். பதினோராவது டம்ளர் கல்யாணப் பெண்ணின் கையில். மருதாணிக் கை. இதுதான் சார் என் மனக்குறை. ஒழுங்காக நடந்த பந்தி என்னால் கெட்டது.

யாருடையதை வாங்கிக் குடிப்பது? இடது கோடியில் ஆரம்பித்து வரிசையாகத்தான் குடித்தேன். ஒருவரையும் விடவில்லை.

விக்கல் மூன்றாவது டம்ளரிலேயே நின்றுவிட்டது. ஆனால் இன்னும் எட்டுப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களே. போதும் என்று சொல்லிவிட்டால், பக்கத்து இலைக்காரர் மனசு என்ன ஆகும்?